ஒரே ஊருக்கு மூன்று பெயர்

குஜராத் நிலநடுக்கத்தின்போது ஆரணியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். தினமும் ஒரு பெரியவர் வருவார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பேனா. குஜராத் பக்கம் ஓடும் ரயில்களின் தபால் பெட்டியில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெளிநாட்டு நிவாரணக் குழுக்கள் இணையத்தில் ஒரே கிராமத்தை மூன்று விதமாக எழுதிக் குழம்பும்போது, சரியான பெயரையும் பின்கோடையும் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவார்.

“அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“யாருமில்லீங்க. வேலையில இருந்தவரைக்கும் அந்த ஊருப் பேருங்களத்தான் படிச்சிகினு இருந்தேன்.”

ஒருநாள் பதில் வந்தது. அவர் சொன்ன ஊருக்குக் கூடாரங்கள் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேருக்கு லெட்டர் வந்து ரொம்ப வருசமாச்சிங்க” என்றார்.

அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்து எடுத்துப் போனவர் பிறகு வரவேயில்லை. தேடிப் போகலாம் என்று கிளம்பினேன். எந்தத் தெரு என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.