அட்டைப் படத்துப் பெண்

மைத்துனன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமைதான் பல்செட்காரரின் அழுகிற ரெக்கார்டும் காணாமல் போனது.

பல்செட் செய்வதுதான் அவருக்குத் தொழில். டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு பிடித்து, பல்லை வரிசையாக நட்டு, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரத் தட்டுகள். யார் யாருடைய வாயோ அவற்றில் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்கும். அந்த வாய்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் அவருக்குப் பித்துப் பிடித்த ஜாஸ் என்ற மேல்நாட்டு இசை குடியிருந்தது.

பெரிய ரெக்கார்டு அந்தத் தட்டுகளில் நுழையாது. அதனால் பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன ரெக்கார்டுகளாகவே தேடித் தேடி வாங்குவார். பிளேயர் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதில் வேகம் மாற்றும் குமிழ் மட்டும் லொடலொடவென்று ஆடியது. கையில் தொழில் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு? ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையைக் குழைத்து ஊற்றினார். குமிழ் கல்லாக இறுகியது. அன்றிலிருந்து பிளேயரின் தட்டு ஒரே நிதானத்தில், சாப்பிட்டு முடித்த யானை மாதிரி சுற்றியது.

ஜாஸ் என்றாலே நிதானம் என்று அவரும் முடிவு கட்டிவிட்டார். ஒருமுறை ஏதோ ஹோட்டல் வாசலில் ஜாஸ் என்ற பெயரில் தடதடவென்று ஒன்று ஓடியது. "அவசரக்குடுக்கைங்க. கலையைக் கெடுக்குறானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

இருந்தவற்றில் அவர் உயிர் அந்த அழுகிற ரெக்கார்டில்தான். அடிவயிற்றிலிருந்து ஒரு ஆண் குரல் இழுத்து இழுத்துப் பாடும். ஒரு வார்த்தையும் விளங்காது. ஆனாலும் பல்செட்காரரின் கண் நிறைந்துவிடும். கண்ணைத் துடைத்த கையோடு யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைப் பொருத்துவார். அட்டையில் பூப்போட்ட கவுன் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவ?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

"பாடுறவரோட சம்சாரம். செத்துப்போச்சு, பாவம். அதான் மனுஷன் இப்படி உருகுறான்."

"அட்டையில எழுதியிருக்கா?"

"எல்லாத்தையும் எழுதியா வைப்பான்? கேட்டாத் தெரியாது?"

மைத்துனனுக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. படிப்பு முடித்து வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில்தான் இருந்தான். "அத்தான், மாடு கன்னு போட கஷ்டப்படுற மாதிரியே இருக்கு. யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்பான். கிளம்புவதற்கு முதல் நாள்கூட, "போறப்ப இதைக் கடல்ல வீசிட்டுத்தான் போவேன்" என்றான்.

போதாதா? செவ்வாய்க்கிழமை அவனை வண்டி ஏற்றிவிட்டு வந்து, பிரிவுக்குத் தோதாக ஒரு பாட்டு கேட்கலாம் என்று அட்டையை எடுத்தார். அட்டை லேசாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"உன் தம்பி வேலையைக் காட்டிட்டான்!"

"அவன் எடுத்திருக்க மாட்டான்."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற?"

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. வாய் ஓயாதவள் அன்று வாயை மூடியது அவருக்கு உறைக்கவில்லை.

அதோடு மைத்துனனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. அவன் போனில் வந்தால் இவர் பாலிஷ் மெஷினை ஓடவிடுவார். அந்தக் கிர்ர்ரில் அக்காளும் தம்பியும் தொண்டை கிழியக் கத்தி நலம் விசாரித்துக்கொள்வார்கள். அவனுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தாள். அவளுக்குப் பல் முளைத்தது. அந்தப் பல் விழவும் தொடங்கியது. மனைவி அந்தப் பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஒரு தடவை வரட்டுமேங்க. பிள்ளைக்கு என் ஜாடையாம்."

"வரட்டும். ரெக்கார்டோட வரட்டும். வெறுங்கையோட இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

மனைவி அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை ணங்கு ணங்கென்று வைப்பாள். இவர் வெற்று அட்டையை எடுத்து, அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்து, மேல்தாடைகளுக்குப் பக்கத்தில் மறுபடி நிற்க வைப்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பகல் பொழுதில் மனைவியின் போனுக்கு மைத்துனனிடமிருந்து குரல்செய்தி வந்தது. மெஷினைப் போட அவர் கை போனது. மனைவி முந்திக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினாள்.

"அத்தான், ஓடாதீங்க, கேளுங்க. பழைய பெட்டியைத் தூக்கிப் போடலாம்னு பிரிச்சேன். அடியில இருக்கிற அட்டைக்குக் கீழ உங்க ரெக்கார்டு இருக்கு. சத்தியமா நான் வைக்கல. பெட்டியை அடுக்குனது யாருன்னு உங்களுக்கே தெரியும். பக்கத்துலதான் நிப்பாங்க, கேட்டுக்கோங்க. இப்ப இங்க ஒரு பிளேயர்ல அதைப் போடுறேன்."

பல்செட்காரர் திரும்பினார். மனைவி மும்முரமாக ஒரு கீழ்த்தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"அந்தப் பாட்டால நிம்மதியாத் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு நினைச்சேன், வச்சேன்" என்றாள் தாடையிடம். "அப்புறம் சொல்ல வாய் வரல."

அவர் பதில் சொல்வதற்குள் போனில் பாட்டு ஆரம்பித்தது. துள்ளிக் குதித்தது டிரம்பெட். அதன் மேல் ஏறி ஒரு பெண் குரல், கூசிச் சிரிப்பது போல, கிடுகிடுவென்று பாடிக்கொண்டு போனது. பின்னால் ஒரு சிறுமி கைதட்டி ஆடும் சத்தம்.

"இது என்னுது இல்ல" என்றார். ஆனால் நடுவில் 'டக்' என்று ஒரு கீறல் சத்தம் கேட்டது. அந்தக் கீறலை அவருக்குத் தெரியும். அது அவர் கைதவறிப் போட்டது. அவர் அட்டையைப் பார்த்தார். பூப்போட்ட கவுன்காரி சிரித்தாள். பிறகு பிளேயரைப் பார்த்தார், ரோஸ் நிறத்தில் இறுகிக் கிடந்த குமிழைப் பார்த்தார்.

மைத்துனன் குரல் மறுபடி வந்தது.

"அத்தான், பாடுறது அந்த அட்டைப் படத்துப் பொம்பளைதான். அவ சாகவும் இல்ல, அழவும் இல்ல. புது செருப்பு கடிக்குதுன்னு பாடுறா. சின்ன ரெக்கார்டை வேகமாச் சுத்தவிடணுமாம். உங்க மருமக காலையில இருந்து ஆடிக்கிட்டே இருக்கா. லீவுக்கு ரெக்கார்டோட மூணு பேரும் வர்றோம். அதுக்குள்ள அந்தக் குமிழ்ல ஊத்தி வச்சிருக்கிற ஈறைக் கொஞ்சம் பேத்து எடுங்க."