உப்புத் தரையில் வைத்த பூவரசு

முத்தையாபுரத்தில் பதினொரு வீடு, மில்லர்புரத்தில் மூன்று மாடி வீடு, ஹார்பர் போகிற ரோட்டில் லாரி நிற்கிற ஷெட் இரண்டு, கடற்கரைப் பக்கம் மாதா சொரூபம் வைக்க ஒரு கெபி, ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், கடைசியாக ஒரு பூங்கா. இவ்வளவையும் கட்டினவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தொடங்கும்போது என்னிடம் சொந்தமாக இருந்தது ஒரு தூக்குக்குண்டும், உப்பளத்தில் காய்த்துப்போன இரண்டு கையும்தான். என் சுவர் ஒன்றுகூட இதுவரை விரிசல் விட்டதில்லை. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

வீட்டைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. செங்கல்லை ஒழுங்காக அடுக்கினால் அது நிற்கும். நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பூங்காவுக்காக. அது உப்புத் தரையில் நிற்கிறது. அதை உண்டாக்கினது வேறொரு ஆள் என்று இப்போது கல்லில் வெட்டப் போகிறார்கள்.

ஊருக்குத் தெற்கே, உப்பளமாக இருந்து கைவிட்டுப்போன நிலத்தில் ஒரு முதலாளி மனை பிரித்தார். ரோடு, வாய்க்கால், பூங்கா எல்லாம் என் பொறுப்பு. மனை பிரிக்கிறவர்கள் நிலத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு ஒதுக்கி மரம் வைத்து, தானப் பத்திரம் எழுதி மாநகராட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். பல பேர் நாலு கன்றை நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வந்த ஆபீசரம்மா அதற்கெல்லாம் மசியவில்லை.

"போட்டோ எனக்கு வேண்டாம். ரெண்டு மழைக்காலம் கழிச்சு நானே வருவேன். மரம் நிக்கணும். நிக்கலைன்னா கடைசிக் கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் மனை வாங்கினவர்கள் ஒரு செங்கல் வைக்க முடியாது. முதலாளி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, முடியுமா?"

"நிக்கலைன்னா இனிமே இந்த ஊர்ல நான் கொத்துக்கரண்டியைக் கையால தொடமாட்டேன்" என்றேன். சொன்னது நாலு பேர் முன்னால். ஊரில் அப்படிச் சொல்லிவிட்டுப் பின்வாங்க முடியாது.

படம் வரைய சென்னையிலிருந்து ஒரு டிசைனர் வந்தார். கம்ப்யூட்டரில் புல்தரை, வரிசையாக அலங்காரப் பனை, நடுவில் நீரூற்று. படம் அழகாகத்தான் இருந்தது. ஷூ வெள்ளையாகிவிடும் என்று அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

தை மாதம் படத்தில் கண்டபடி கன்று நட்டேன். தேரி மேட்டிலிருந்து செம்மண் கொண்டுவந்து கொட்டி, ஒவ்வொரு கன்றையும் சுற்றிப் பாத்தி கட்டினேன். என் பாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரப்பைக் காலால் மிதித்து மிதித்து, சொட்டுத் தண்ணீர் கசியாதபடி நூல் பிடித்தாற்போல் கட்டுவேன். உப்பளத்தில் என் பாத்தியைக் காட்டித்தான் மற்றவர்களுக்கு வேலை சொல்வார்கள். போர் தண்ணீரைத் தினமும் காலையில் நிறைய விட்டேன். பங்குனியில் இலை ஓரம் கருகியது. சித்திரையில் வரிசையாகக் குச்சிதான் நின்றது.

அப்போது ஒருநாள் என் மனைவி சோறு கொண்டுவந்தாள். அவளும் உப்பளத்தில் வேலை பார்த்தவள்தான். தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமல் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"நல்லா வெளஞ்சிருக்கே. எப்ப வாரப் போறீய?"

"ஏளா, என்னத்தை வார?"

"உப்பைத்தான். பாத்தி உங்க பாத்தி. தண்ணி உவர்த் தண்ணி. வெயிலுக்கும் காத்துக்கும் இங்கன கொறச்சலா? பின்ன மரமா மொளைக்கும்?"

குனிந்து பார்த்தேன். கன்றின் காலைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. கிள்ளி வாயில் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உப்பு. வெளியூர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அவ்வளவு நல்ல பாத்தி கட்ட வராது. அவள் சொன்னதற்குச் சிரித்தேன். ஆனால் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை.

அங்கனயே உட்கார்ந்து யோசித்தேன். உப்பை விளைவிக்கத் தெரிந்தவனுக்கு அதை விரட்டவும் தெரியவேண்டும் அல்லவா? உப்பளத்துக்காரனுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், ஐப்பசி மழை. ஒரு மழை போதும், விளைந்ததெல்லாம் கரைந்து ஓடிவிடும். வாலிபத்தில் அந்த வானத்தை நான் ஏசாத ஏச்சில்லை. இப்போது அதையே கூப்பிடவேண்டி வந்தது.

குழிகளை இன்னும் ஆழமாக்கினேன். சங்கு அறுக்கிற பட்டறையில் குவிந்து கிடந்த சங்குத் துண்டையும் சிப்பி ஓட்டையும் அள்ளிவந்து ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு முழத்துக்குப் பரப்பினேன். உப்பு ஈரத்தைப் பிடித்துத்தான் மேலே ஏறும். சிப்பி இடுக்கில் அதற்குப் பிடி கிடையாது. அதன்மேல் செம்மண். தாழ்ந்த பக்கம் வாய்க்கால், முழு நிலத்தையும் சுற்றி ஒரே பெரிய வரப்பு.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "மரமே இல்லாம குழியை வெட்டி வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்களே அண்ணாச்சி. ஊர்ல சிரிக்காங்க."

"சிரிக்கட்டும். மழை வரட்டும்."

வந்தது. முழங்கால் அளவு தேக்கி வைத்து, நாலு நாள் ஊறவிட்டு, மடையைத் திறந்தேன். ஓடின தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். கடல். மறுபடி தேக்கினேன். அடுத்த தடவை கொஞ்சம் கரிப்பு. நாலாவது தடவை மழைத் தண்ணீர் மழைத் தண்ணீராகவே வெளியே போனது. எத்தனையோ வருஷம் உப்பைத் தவிர வேறெதுவும் தராத மண் அது. என் கண் முன்னால் அது மனசை மாற்றிக்கொண்டது. நனைந்தபடியே வெகுநேரம் அங்கே நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

மார்கழியில் பூவரசம் போத்து ஊன்றினேன். மணிக்கட்டுத் தடிமனில் வெட்டின வெறும் கம்பு. வேரில்லை, இலையில்லை, வெட்டுவாயில் சாணி அப்பியிருக்கும், அவ்வளவுதான். இருபது நாள் கழித்து ஒரு கம்பின் பக்கத்தில் கடுகளவு பச்சை. கிட்டே போய் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். நான் மாடி மாடியாகக் கட்டியிருக்கிறேன், எந்தச் சுவரும் தானாக ஒரு அங்குலம் உயர்ந்ததில்லை. இது நான் வீட்டுக்குப் போன பிறகும் வளர்ந்தது.

கோடை முழுக்க லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றினேன். அடுத்த மழையும் கழிந்தது. கம்புகள் என் தலைக்கு மேலே தழைத்தன. காலையில் மஞ்சளாக விரிகிற பூ சாயங்காலம் சிவந்து சுருங்குவதை இந்த வயதில்தான் முதன்முதலாக நின்று பார்த்தேன். உப்பளத்தில் நிழலென்றால் குவித்த உப்பின் நிழல்தான். அதுவும் கண்ணைக் கூசவைக்கும். அதே தரையில் இலை நிழல் ஆடுகிறது. அதன்மேல் கால் வைக்க முதலில் எனக்குத் துணிச்சல் வரவில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

ஆபீசரம்மா சொன்னபடி வந்தார். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்தார். கையில் இருந்த படத்தைப் புரட்டி, "இதுல பனை மாதிரி ஏதோ போட்டிருக்கே?" என்று கேட்டார்.

"அது பேப்பர்ல நல்லா நிக்கும்மா" என்றேன்.

சிரித்தார். பூவரசு நிழலில் நின்றே கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் பூங்கா வாசலில் கல் நாட்டப் போகிறார்கள். எழுதி வைத்ததை வாங்கி வாசித்துப் பார்த்தேன். முதலாளி பெயர் இருக்கிறது. 'பூங்காவை வடிவமைத்தவர்' என்று டிசைனர் பெயர் இருக்கிறது. சங்கச் செயலாளர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகத்தான் சொன்னார்: "டிசைன் பண்ணினவர் பேரைப் போடுறதுதான் முறை அண்ணாச்சி. நீங்க வேலை பாத்தவங்க."

"அவர் வரைஞ்ச மரம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சார். நான் பேசாம வீட்டுக்குப் போயிருதேன்."

அவர் பூவரசுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார்.

அதனால்தான் இதை எழுதினேன். செயலாளர் சார், கமிட்டியில் இதை வாசியுங்கள். டிசைனர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அவர் பெயர் எந்த அளவு எழுத்தோ அதே அளவில், 'இந்தத் தரையிலிருந்து உப்பை வெளியேற்றி மரம் வளர்த்தவர்' என்று போட்டு என் பெயரை வெட்டுங்கள். அதற்குக் கீழே என் மனைவி பெயர். எழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கல் இன்னும் கல்வெட்டுகிறவர் பட்டறையில்தான் கிடக்கிறது. இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.