பூவன் தாருக்கு எத்தனை சீப்பு?

இருசம்மாள் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் 1958-ல் திருச்சியில் அவள் ஆயாவாக இருந்த ஆஸ்பத்திரியில் (பேர் எதற்கு, விடுங்கள்) ஆண்கள் வார்டில் எந்தக் கிழவருக்கு எப்போது என்ன வரும் என்று அவளைக் கேட்டால் போதும். தென்னூரிலிருந்து நடந்தே வந்து, பெருக்குகிற வேலையில் சேர்ந்து, பதினாலு வருஷத்தில் டாக்டரே "நீ என்ன நெனைக்கிறே இருசம்மா?" என்று கேட்கிற இடத்துக்கு வந்தவள். எவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை முதலில் சொல்லாமல் அவள் கதையைத் தொடங்கினால் அவளுக்கே பிடிக்காது.

அந்த ஆவணியில் தொட்டியத்து வாழைக்காரர் வெள்ளைச்சாமியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுபத்திரண்டு வயசு, குடலிறக்கம். ஆபரேஷன் ஜோராக முடிந்தது. மறுநாளே பெரியவர், டாக்டர் லூர்து போட்ட கட்டைப் பார்த்து, "வாழைக்கு முட்டுக் கொடுக்கறவன்கூட இதைவிட நல்லா கட்டுவான் தம்பி" என்றார். இருசம்மாளுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"காவேரி கரை உடைஞ்சிருச்சு! தோட்டத்துல தண்ணி! மாரியாயி, மம்பட்டிய எடுடி!"

கத்தினது இருசம்மாளைப் பார்த்து. மாரியாயி அவர் பெண்சாதி, செத்து ஆறு வருஷம். வயிற்றுக் கட்டைப் பிய்க்கப் போனவரின் கைகளை மகன் மருதை துண்டால் கட்டிலோடு கட்டினான். விடிந்ததும் தெளிவாகப் பேசினார். இருசம்மாள் சும்மா பேச்சுக் கொடுத்து, "பூவன் தாருக்கு எத்தனை சீப்பு, எண்ணுங்க" என்றதற்குப் பன்னிரண்டு வரை கடகடவென்று எண்ணினார். மத்தியானம் மறுபடியும் சுவரில் இல்லாத எறும்பைப் பொறுக்கினார்.

"புத்தி பேதலிச்சுப்போச்சு ஆயா. நாலு மணி பஸ்ஸுல குணசீலம் கூட்டிட்டுப் போறோம். ஒரு மண்டலம் பெருமாள் சன்னதியில இருந்தா தெளியும்" என்றான் மருதை.

"தையல் பிரிக்காத வயித்தோடயா? ரோட்டுப் பள்ளத்துல தையல் பிரிஞ்சா உசிருக்கே ஆபத்து தம்பி."

"பைத்தியம்னு ஊருக்குத் தெரியறதுக்குள்ள..."

"எது பைத்தியம்? முந்தாநாள் டாக்டரையே கிண்டல் பண்ணின மனுஷன். நேத்து பிடிச்சு, காலையில விட்டு, மத்தியானம் மறுபடி பிடிச்சா அது பைத்தியம் இல்ல. ஜன்னி."

"ஜன்னின்னா காய்ச்சல் அடிக்கணுமே? குளுகுளுன்னு இருக்காரு" என்றாள் மருமகள் பொன்னுத்தாய்.

"வயசானவங்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் வரும். உடம்புல எங்கயோ ஒரு குறை, அது தலையில ஏறிக் கூத்தாடுது."

பெரியவரிடம் குனிந்து அதே சீப்புக் கணக்கைக் கேட்டாள். "ஒண்ணு... ரெண்டு... வண்டி வந்திருச்சா?" என்றார். நாக்கு வாழைச் சருகாகக் கிடந்தது. சிறுநீர்க் குடுவையில் அடியில் கொஞ்சம், காப்பி நிறத்தில். ஆனால் அவள் இரண்டு தடவை நிரப்பி வைத்த தண்ணீர்க் கூஜா காலி! இவர் குடிக்கவில்லை என்றால் தண்ணீர் எங்கே போனது? வராந்தாவில் எட்டிப் பார்த்தாள். நாலு நாளாக மழை இல்லை, குரோட்டன்ஸ் செடியடி மட்டும் சொதசொதவென்று ஈரம்.

"பொன்னுத்தாயி, கூஜாத் தண்ணிய யாருக்கு ஊத்தறே?"

அவள் தலை குனிந்தது. "பச்சைப் புண்ணு ஆயா. தண்ணி குடிச்சா சீழ் வைக்கும்னு எங்க பக்கம் உதட்டைத்தான் நனைப்போம். இங்க திட்டுவீங்கன்னுதான்..."

"செடி நல்லாத் தெளிஞ்சிருக்கு போ! மாமனார்தான் வாடிட்டாரு."

அவள் ஆள் அனுப்பியதும் டாக்டர் ஓடி வந்தார். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். "தூக்க ஊசி ஏதாவது போடுங்க டாக்டர்" என்ற மருதையிடம், "போட்டா இன்னும் குழம்புவார். இருசம்மா சொல்றபடி கேளுங்க. தெளிய ரெண்டு நாள் ஆகும்" என்றார். டாக்டர் வாயால் வந்த அந்த "இருசம்மா சொல்றபடி கேளுங்க"வை அவள் பிற்பாடு தென்னூரில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு நாள்ல தெளியலேன்னா நானே அவரைக் குணசீலத்துக்குத் தூக்கிட்டு வரேன்" என்று மருதையிடம் வாக்குக் கொடுத்தாள். கைக்கட்டை அவிழ்த்து, பொன்னுத்தாயைப் பக்கத்தில் உட்காரவைத்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். உடைந்துவிடும் என்று டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டினாள். ஜன்னலைத் திறந்தாள். "இது திருச்சி ஆஸ்பத்திரிங்கய்யா. இன்னிக்கு வியாழக்கிழமை. கரை உடையல. மருதை இங்கதான் இருக்காரு" என்று சலிக்காமல் சொன்னாள். டாக்டர் குடிக்கலாம் என்றதும் மணிக்கொரு டம்ளர் தண்ணீர், அதுவும் மருமகள் கையால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் காவேரி உடைந்தது. மருதை துணி மூட்டையைக் கட்டினான். இருசம்மாள் முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த டம்ளர் தண்ணீரைப் பொன்னுத்தாய் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் குடுவை நிறைந்தது. பெரியவர் காப்பி கேட்டார். அவள் பழைய கேள்வியைப் போட்டாள்.

"ஏம்மா, வாழைக்காரன்கிட்டயே தெனம் தார்க் கணக்கு கேக்கறியே, ஆயா வேலைக்கு இதான் பரீட்சையா? பன்னெண்டு! எண்ணிக் காட்டவா?" எண்ணியும் காட்டினார், ஒன்று விடாமல். வயிற்றுக் கட்டைத் தடவி, "இதை எவன் அவுத்துக் கட்டினான்? இப்ப பரவாயில்ல" என்றார்.

நாலு மணி பஸ் ஹாரன் கேட்டது. மருதை மூட்டையை அவிழ்த்து அப்பாவின் வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டான்.

தையல் பிரித்து ஊர் போகும் வழியில் குணசீலத்தில் இறங்கிக் கும்பிட்டுத்தான் போனார்கள். "போயிட்டு வாங்க, தெளியவச்ச பேருல பெருமாளுக்குப் பாதி, எனக்குப் பாதி" என்றுதான் அவள் அனுப்பிவைத்தாள். ஐப்பசியில் தென்னூர் வீட்டு வாசலில் ஒரு பூவன் தார் வந்து இறங்கியது. இருசம்மாள் முதல் வேலையாக உட்கார்ந்து சீப்பை எண்ணினாள். பன்னிரண்டு.

"பதினொண்ணா இருந்திருந்தா, அடுத்த பஸ்ஸுலயே தொட்டியம் போய் நாக்கைப் பார்த்துட்டு வந்திருப்பேன்" என்றாள்.