சித்தியின் அந்துக்கழுதை

சித்திக்கு வேலை திரைச்சீலைக் கடையில். ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்து, மடிப்பு வைத்து, வளையம் கோத்துக் கொடுப்பாள். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் அவளுடைய வெட்டுமேசை வேறு உலகமாகிவிடும். அது ஒரு விளையாட்டு. சித்தி கதை சொல்வாள், நானும் டிரைவர் அண்ணனும் மருந்துக்கடை அக்காவும் அந்தக் கதைக்குள் நடமாடும் ஆட்கள். யார் பிழைப்பார், யார் விழுவார் என்பதைப் பகடை சொல்லும்.

உலகமும் அவள் சொந்தச் சரக்குதான். அங்கே தரையே கிடையாது. ஒரு மேகத்திலிருந்து இன்னொரு மேகத்துக்குப் போக, பறக்கிற மிருகத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். சுண்ணக்கட்டியால் துண்டுத்துணியில் வரைந்து அவற்றைப் படைப்பவள் சித்தி. குரல் கொடுப்பவன் நான். பாய்மரக் காது ஆட்டுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் இருமல், துடுப்புவால் எருமைக்கு எங்கள் சித்தப்பா குறட்டை.

இரண்டு ஞாயிறாக டிரைவர் அண்ணன் வரவில்லை. தெருக்கோடி வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். "எனக்கு இனிமே பறக்க வேணாம்மா" என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார்.

மருந்துக்கடை அக்கா கையை விரித்துவிட்டாள். "அவர் இல்லேன்னா நானும் கழண்டுக்கறேன். ரெண்டு பேர வச்சுக்கிட்டு என்னத்த ஆடுறது?"

சித்தியின் முகம் சுருங்கிப்போனது. வருஷக்கணக்காகக் கட்டிய வானம் அது. ஆட ஆளில்லாவிட்டால் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். மிருகங்களில் கெத்து பத்தவில்லை என்று அவளே முடிவு கட்டி, வாரம் முழுக்க வரைந்து தள்ளினாள்.

மூன்றாவது ஞாயிறு டிரைவர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"என்கிட்ட இருந்த பகடைய குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வந்தது வந்தீங்க, ஒரே ஒரு மிருகத்த பாத்துட்டுப் போங்கண்ணா."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சித்தி மின்னல் குதிரையை விரித்தாள். ஆறு இறக்கை. நான் கனைத்த கனைப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"எத்தன கடிவாளம்?" என்றார் டிரைவர்.

"எறக்கைக்கு ஒண்ணுண்ணா, மொத்தம் ஆறு."

"ஆள விடும்மா" என்று எழுந்தார்.

அப்போதுதான் அடியில் கிடந்த துணி அவர் கண்ணில் பட்டது. சித்தி அதை இழுத்து மறைக்கப் பார்த்தாள். அந்துப்பூச்சி மாதிரி பஞ்சு படர்ந்த ஒரு கழுதை.

மருந்துக்கடை அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இது எறக்கையா, ஜன்னலா? மடிப்பெல்லாம் வச்சிருக்க?"

"கைப் பழக்கம்க்கா. பின்னால ரெண்டு எறக்கை பறக்கும். முன்னால ரெண்டும் பின்பக்கமா மடங்கணும். நான் பாட்டுக்கு ஜன்னல் திரை மாதிரி ரெண்டு பக்கமும் இழுத்து முதுகுக்கு மேல சாத்திட்டேன். ஏறினவன் உள்ளயே மாட்டிக்குவான்."

டிரைவர் துணியையே பார்த்தார். "உள்ள உக்காந்தா வழி தெரியாதா?"

"தெரியாதுண்ணா."

"கடிவாளம்?"

"கைய வெளிய நீட்ட முடியாதே. அதனால வைக்கல."

"அப்ப யார் ஓட்டுறது?"

சித்தி கொஞ்சம் யோசித்தாள். "அதுவே போகும்ண்ணா. அதுக்கு வழி தெரியும்."

டிரைவர் திரும்ப உட்கார்ந்தார். இந்த முறை சாய்ந்து. "வாரம் பூரா ரோட்டையே பாக்கறவன்மா நான். இங்க வந்தாலும் எடதா வலதா, மேலயா கீழயான்னு கேட்டா? ம், சொல்லு. நான் ஏறிட்டேன்."

சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இறக்கை மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே, துணி வழியே வடிகட்டி வந்த வெயில் போல மங்கலான மஞ்சள். முதுகுப் பஞ்சில் உடம்பு அமிழ்ந்தது. வெளியே ஏதோ மேகம் உரசிப் போனது. ஈரம் இறக்கையில் பட்டு, உள்ளே குளிர்ச்சி மட்டும் வந்தது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஆடி ஆடிப் போனது.

நான் கழுதைக் குரலுக்குத் தொண்டையைச் செருமினேன். டிரைவர் கண்ணை மூடியபடி ஒரு விரலை உயர்த்தினார்.

"சத்தம் வேணாம்பா. ஹாரன் கேட்டே காது புளிச்சுப் போச்சு."

"இவன் வாய மூட ஒரு கழுதை பொறக்க வேண்டியிருந்துச்சு பாரு" என்றாள் அக்கா.

பிறகு டிரைவர் முனகினார். "எறங்கற எடம் வந்தா எழுப்பு."

"அத இன்னும் யோசிக்கலயேண்ணா."

"அவசரமில்ல. அடுத்த வாரம் யோசி."

மருந்துக்கடை அக்கா நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பின்னாடி இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கா? டிக்கெட் எவ்வளவு?"

"ஏறும்மா. டிக்கெட் கேக்க ஆளில்ல" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமலே.