பதினொரு மணித் தபால்

இன்று எழுத நினைத்தவை:
1. மினிபஸ்ஸில் சந்தித்த, எங்கள் பழைய அலுவலகத் தட்டச்சாளர் மகேஸ்வரி
2. தொண்ணூற்றொன்றில் எங்கள் தலைமை எழுதுவினைஞர் எனக்குத் தந்த தண்டனை

குண்டுவீச்சு நடந்த மறுநாள்களில் என் கை நடுங்கும். கடிதமெங்கும் பிழை வரும். உடனே அவர் பதினொரு மணித் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னைத் தபாலகத்துக்கு அனுப்புவார். சைக்கிளும் தரமாட்டார். நான் நடந்துபோன நல்லூர் ஒழுங்கைகளின் வேப்பம்பூ வாசம் இன்னும் நினைவிருக்கிறது.

மினிபஸ்ஸில் இதைச் சொன்னதும் மகேஸ்வரி சிரித்தார்.

"தபால் ஓடாத நாளிலையும் அனுப்பினவரெல்லோ, அண்ணை! நடந்திட்டு வந்தால் உங்கடை நடுக்கம் நிக்கும் எண்டு எங்களுக்குச் சொன்னவர். நீங்கள் கூச்சப்படுவியள் எண்டு உங்களுக்குத்தான் சொல்லேல்லை."

ஓம், திரும்பி வந்து எழுதியவற்றில் பிழை குறைவுதான்.

பழக்கத்தில் மேலே 'தண்டனை' என்று எழுதிவிட்டேன். இரண்டாவது குறிப்பு பிழை. இத்தனை வருடம் அவரை மனத்துக்குள் திட்டியதை எப்படி அழிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.