நடுவர் சிங்கராசாவுக்குக் கண் தெளிந்த கதை

பேசாலை மைதானத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் சிங்கராசா தவறான ஆளுக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

காலை வாரியவன் பேசாலைப் பிரதீபன். வாரப்பட்டவன் தாழ்வுபாட்டு அணித் தலைவன் றொசாந்தன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். சிங்கராசா ஓடிவந்து, நெஞ்சை நிமிர்த்தி, அட்டையை உயர்த்தினார், றொசாந்தனுக்கு நேரே.

மைதானம் முழுக்கச் சிரித்தது. சனம் கத்தினால் நடுவருக்குப் பயமில்லை. சிரித்தால்தான் பயம்.

கோட்டோரம் கொடியோடு நின்ற துணை நடுவர் மில்ரன் உள்ளே ஓடிவந்தார். இருவரும் ஒரே வயதுக்காரர், நெடுநாளாகச் சேர்ந்தே போட்டி நடத்துகிறவர்கள்.

"மச்சான், அடிச்சது பச்சை. நீ நீலத்துக்குக் காட்டுறாய்."

சிங்கராசா இரண்டு மேற்சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஈரமணலின் நிறத்தில்தான் இருந்தன.

"எது பச்சை?" என்று மெல்லக் கேட்டார்.

மில்ரன் கொடிக்கம்பால் பிரதீபனைச் சுட்டிக் காட்டினார். சிங்கராசா அட்டையை மாற்றினார். றொசாந்தனிடம் போய், "பிழை என்னிலை, தம்பி" என்றார். மிச்ச ஆட்டத்தைப் பந்துக்குப் பின்னாலேயே ஓடி ஓடி முடித்து வைத்தார். முடிந்ததும் லீக் செயலாளரிடம் நேரே போனார்.

"எனக்குக் கண் சரியில்லை. சரிவருமட்டும் என்ரை பேரைப் போடாதேங்கோ."

"அப்ப, இனி இல்லையெண்டோ?"

"சரிவருமட்டும் எண்டுதான் சொன்னனான்" என்றார் சிங்கராசா.

பேசாலைக் கரையில் தகரக் கொட்டில் ஒன்றில் வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்துவது அவருக்குத் தொழில். வயது ஐம்பதைத் தாண்டி நாலைந்து. விசில் ஊதப் பழகியது இங்கே அல்ல. இளந்தாரியாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து குடும்பத்தோடு கடல் தாண்டி, மண்டபம் அகதி முகாமில் சில வருசம் கிடந்தார். அங்கே பந்து ஒன்று, ஆட வந்தவர்கள் நூறு பேர். அடிதடி இல்லாமல் ஒரு ஆட்டமும் முடியாது. ஒருநாள் யாரோ ஒரு விசிலை அவர் கையில் திணித்து, "நீ ஊது, நீதான் ரெண்டு பக்கமும் சொந்தக்காரன் இல்லாதவன்" என்றார்கள். ஊதினார். சண்டை நின்றது. தன் சொல்லுக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்பது, முகாம் வாழ்க்கையில் வேறெங்கும் கிடைக்காத பெரிய விசயமாக அவருக்கு இருந்தது. ஊர் திரும்பிய பிறகும் விசிலை விடவில்லை.

கண் மங்கியது ஒரே நாளில் அல்ல. ஒரு வருசமாகவே அவர் வெயிலைக் குறை சொன்னார். கோடு போட்ட சுண்ணாம்பைக் குறை சொன்னார். சட்டை தைத்தவனைக் குறை சொன்னார். மனைவி எடித் மட்டும் கவனித்திருந்தார். கொட்டிலில் எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று மனிசன் கண்ணால் பார்ப்பதை விட்டு, பெருவிரலால் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். சொன்னால் கோபம் வரும் என்று எடித் பொறுத்திருந்தார். அட்டை விசயம் காதில் விழுந்ததும் பொறுக்கவில்லை.

"நாளைக்குக் கிளினிக். நானும் வாறன்."

மன்னார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு இளம் பெண். விளக்கடித்துப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டு கண்ணிலயும் வெண்புரை. உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு, அதாலைதான் இவ்வளவு கெதியா முத்தியிருக்கு. முதல் சீனியைக் குறைப்பம். பிறகு ஒவ்வொரு கண்ணா ஒப்பரேசன் செய்து லென்ஸ் வைப்பம்."

"விசில் ஊதலாமோ, டொக்டர்?"

டொக்டருக்கு விளங்கவில்லை. எடித் விளக்கினார்.

"இப்ப ஏலாது. எல்லாம் ஆறின பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால் ஊதலாம்தானே?"

டொக்டர் சிரித்துவிட்டார். "ஓம், ஊதலாம்."

இறுதிப் போட்டிக்குப் பேர் போட்டதுபோலச் சிங்கராசா வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளே சீனி போட்ட தேத்தண்ணியை விட்டார். விடியப்புறம் கரையோரம் நடந்தார். இரத்தத்தில் சீனி இறங்க, வலக்கண்ணுக்கு நாள் குறித்தார்கள். எடித் பள்ளிமுனைக்குப் போய், கண்ணுக்குக் காவலான புனித லூசியாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தார்.

மேசையில் படுத்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. கண்ணை மட்டும் மரக்கச் செய்திருந்தார்கள், ஆள் முழிப்பு. மேலே ஒரு வெளிச்சம், அதற்குள் தண்ணீர் ஓடுவதுபோல ஏதோ நெளிந்தது. மெல்லிய இரைச்சல் ஒன்று. ஏதாவது கேட்டால் பயம் குறையும் என்று வாயைத் திறந்தார்.

"ஐயா, கதைக்கக்கூடாது. அசையவும் கூடாது" என்றது டொக்டரின் குரல்.

இருபத்திரண்டு பேரை ஒரு விரலால் அடக்கியவர், வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் அருள்நிறைந்த மரியாயே செபம் சொன்னார். நாலைந்துதான் சொல்லியிருப்பார், முடிந்துவிட்டது என்றார்கள். அவருக்கு நம்ப முடியவில்லை.

அடுத்த நாள் கட்டை அவிழ்த்ததும் முன்னால் நின்ற தாதியின் உடுப்பு கண்ணில் அறைந்தது. வெள்ளை. இப்படி ஒரு வெள்ளை உலகத்தில் இருந்ததையே அவர் மறந்துவிட்டிருந்தார். வலக்கண்ணைப் பொத்தி இடக்கண்ணால் பார்த்தார். அதே உடுப்பில் யாரோ பால் விடாத தேத்தண்ணி ஊற்றியதுபோல இருந்தது. திரும்ப வலக்கண். திரும்ப இடக்கண். தாதி தன் உடுப்பைக் குனிந்து பார்த்து, "ஏதும் ஊத்தையோ, ஐயா?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை. நல்லா இருக்கு. அதுதான் பாக்கிறன்."

ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது, கரையில் இழுத்து வைத்திருந்த மில்ரனின் வள்ளத்தைக் கண்டு, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினார். மில்ரன் வலையை எறிந்துவிட்டு என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

"டேய், உன்ரை வள்ளம் நீலமடா!"

"ஒரு வருசமா அதைத்தானேடா சொல்லுறன். நீதான் பச்சை, பச்சை எண்டு என்னோடை சண்டை பிடிச்சனீ."

"சரி, நீலம்தான். விடு."

வீட்டில் சட்டம் எடித்தின் கையில் இருந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக்கூடாது, நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து. வெளியே சோளகக் காற்று மணலை அள்ளி எறிகிற காலம் அது. யன்னல்களைச் சாத்தி, கறுப்புக் கண்ணாடி போட்டு மனிசனை உள்ளே இருத்தினார். சிங்கராசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை எடுக்கக் குனிவார். யாராவது இயந்திரம் கொண்டுவந்தால் ஒரு கை கொடுக்கப் பாய்வார். எத்தனை தரம்தான் தொண்டை கிழியக் கத்துவது? ஒருநாள் எடித் அலுமாரியைத் திறந்து அவருடைய விசிலை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டினார். அவர் குனிந்தால் ஒரு ஊதல். கதவடிக்குப் போனால் இரண்டு. அயலட்டை முழுக்க அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது.

"இஞ்சாருங்கோ, இன்னொருக்கால் குனிஞ்சால் சிவப்பு அட்டைதான்" என்றார் எடித்.

சிங்கராசா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கதிரையில் இருந்தார். ஆனாலும் ஊதலின் நேரம் சரியாக இருந்ததை மனசுக்குள் ஒத்துக்கொண்டார்.

கட்டுக் காலம் முடிந்து வெளியே இறங்கியபோதுதான் உண்மையான கரைச்சல் தெரிந்தது. இரண்டு கண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று கூர்மையாகவும் வெளிச்சமாகவும் காட்ட, மற்றது அதன்மேல் புகையை இழுத்து விட்டது. தூரம் பிழைத்தது. கோப்பைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றினார். கோயில் படியில் இறங்கும்போது, இல்லாத படியில் காலை வைத்தார். எடித் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

ஒரு பின்னேரம் கரையில் மில்ரன் ஒரு பழைய பந்தை மெல்லத் தட்டி விட்டார். சின்னப்பிள்ளைக்கு விடுவது போலத்தான் விட்டார். சிங்கராசா காலை வீசினார். கால் காற்றை உதைத்தது. பந்து பக்கத்தால் உருண்டு அலைக்குள் போய்விட்டது.

சிங்கராசா அப்படியே மணலில் குந்தினார். மில்ரன் தண்ணீருக்குள் இறங்கிப் பந்தை எடுத்து வந்து பக்கத்தில் இருந்தார்.

"வேறை ஆரோ பந்தை உதைக்கிற மாதிரி இருக்குதடா" என்றார் சிங்கராசா.

"மற்றக் கண்ணும் செய்யவேணும் எண்டுதானே சொன்னவை?"

"ஓம்."

"அப்ப இப்ப நடக்கிறது அரைநேர ஆட்டம். அரைநேரத்திலை ஆரும் முடிவு சொல்லுறதோ?"

சிங்கராசா காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு, "இன்னொருக்கால் விடு" என்று எழும்பினார். அதையும் தவறவிட்டார். அடுத்ததில் கால் பட்டது.

அடுத்த கிளினிக்கில் இடக்கண்ணுக்கு நாள் கேட்டு நின்ற முதல் ஆள் அவர்தான். இந்தத் தரம் மேசையில் பயம் வரவில்லை. சொட்டு மருந்து, கண்ணாடி, கதிரை எல்லாம் பழகிய சங்கதி. எடித்துக்கும் அவ்வளவு ஊதல் தேவைப்படவில்லை.

இரண்டு கண்ணும் ஆறியதும் தூரம் தன்பாட்டில் நேரானது. கிட்டப் பார்வைதான் போய்விட்டது. புதிய லென்ஸ் தூரத்துக்கு உரியது. இயந்திரத்தின் சிறு துவாரங்களைப் பார்க்க மூக்குக் கண்ணாடி வேண்டும் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். கொட்டிலில் கயிறு கட்டிய கண்ணாடியோடு இருந்து பழகினார். பின்னேரங்களில் கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார். மில்ரன் கோட்டுக்கு மேலும் உள்ளும் வெளியுமாகப் பந்தைப் போட, அவர் நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

"வெளியிலை."

"சரி."

"கோட்டிலை. முழுக்க வெளியேறேல்லை."

மில்ரன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவார். "சரிதான், கள்ளன்."

பெடியளின் பயிற்சி ஆட்டங்களில் கொடி பிடித்தார். அப்போது புதிதாக ஒன்று தெரிந்தது. முன்பு தூரத்தில் சட்டைகள்தான் ஓடின. இப்போது முகங்கள் ஓடின. இடிக்கப் போகிறவனின் கண், கால் எழும்பும் முன்னமே ஒருக்கால் மற்றவனின் காலை அளந்து பார்க்கிறது. இதை அவர் தன் நல்ல வயதிலும் கவனித்ததில்லை. வீட்டுக்கு வந்து எடித்துக்கு நடித்துக் காட்டினார்.

மாரி மழை முடிந்த பிறகு ஒருநாள், கொட்டிலுக்கு முன் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் றொசாந்தன்.

"அண்ணை, எங்கடை கோயில் திருநாள் சுற்றுப்போட்டி. இறுதி ஆட்டத்துக்கு நீங்கள்தான் விசில் ஊதவேணும்."

சிங்கராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கெல்லோ நான் பிழையா அட்டை காட்டினனான்?"

"ஓம். காட்டிப்போட்டு நீங்களே போய்க் கண் தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள். கண் தெரியாமல் ஊதுறவை கனபேர் இருக்கினம், அண்ணை. ஒருத்தரும் சொல்லுறேல்லை."

"வாறன்" என்றார் சிங்கராசா. யோசிக்க நேரம் கேட்கவில்லை.

தாழ்வுபாட்டு மைதானம் அன்று நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் றொசாந்தனின் ஊர் அணி நீலத்தில், மறுபக்கம் முசலிப் பக்கமிருந்து வந்த அணி பச்சையில். சிங்கராசா நடுவில் நின்று இரண்டையும் பார்த்தார். நீலம் நீலமாக இருந்தது. பச்சை பச்சையாக இருந்தது. ஊதினார்.

முதல் பாதி சிக்கலில்லாமல் போனது. இரண்டாம் பாதியில் வெயில் சரிந்து மேற்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் எரியத் தொடங்கியது. கண் கொஞ்சம் கூசியது. டொக்டர் சொன்னதுதான், கூச்சம் சில காலம் இருக்கும். அவர் பழைய இடத்தை விட்டு, வெயில் பக்கவாட்டில் விழும்படி மாறி நின்றார். அந்த நேரம் முசலிக்காரர் மூலையிலிருந்து பந்தை உயர்த்தினார்கள். ஏழெட்டுப் பேர் ஒன்றாக எழும்பினார்கள். பந்து யார் தலையிலோ பட்டதுபோலத் திசைமாறி வெளியே போனது.

சிங்கராசா ஊதினார். கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

தாழ்வுபாட்டுச் சனம் எழும்பி நின்று இரைந்தது. றொசாந்தன் ஓடி வந்தான், முகம் சிவந்திருந்தது.

"அண்ணை! வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். உன்ரை மூண்டாம் நம்பர். வலக்கை, சுண்டுவிரல். விரல் பட்டுத்தான் பந்து திரும்பினது."

றொசாந்தன் திரும்பித் தன் மூன்றாம் நம்பர்க்காரனைப் பார்த்தான். அவன் வலக்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். றொசாந்தன் கோல் காப்பாளரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னால் போனான்.

காப்பாளர் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். மைதானம் அதிர்ந்தது. ஆனால் கடைசி நிமிசங்களில் முசலிக்காரர் அழகான ஒரு கோல் போட்டார்கள், ஒருவரும் வாய்திறந்து கேள்வி கேட்க முடியாத கோல். தாழ்வுபாடு தோற்றது. தோற்ற அணித் தலைவன் முதலில் வந்து கை கொடுத்தது நடுவருக்கு. தோற்ற ஊரில் நடுவரை யாரும் ஏசாமல் விடுவது இந்தக் கரையில் லேசில் கிடைக்கிற மரியாதை அல்ல. லீக் செயலாளர், "அடுத்த மாதம் கொண்டச்சியிலை ஒரு ஆட்டம் இருக்கு, போடட்டோ?" என்று கேட்டார். "போடுங்கோ" என்றார் சிங்கராசா.

அடுத்த நாள் விடிய அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. எடித் எண்ணெய்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"இதுக்கு லென்ஸ் வைக்க ஏலாது, பாருங்கோ."

"கண்ணில்லாமல் ஓடினதை விட, கண்ணோடை நொண்டுறது எவ்வளவோ நல்லது" என்றார் சிங்கராசா. "நல்லாத் தேச்சு விடு. கொண்டச்சி மைதானம் பெருசு."