கயிற்றோடு வந்த மாடு

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்து, எங்களோடு இலையில் உட்கார்ந்த உங்கள் எல்லோருக்கும் இந்தச் சிறு மலரைப் பணிவோடு தருகிறோம். அப்பாவைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். யாராவது புகழத் தொடங்கினால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறவர் அவர். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா தஞ்சைச் சீமையில் பிறந்தவர். இளவயதில் கப்பலேறி வந்து, சிராங்கூன் சாலையில் பிறர் கொட்டகையில் சாணி அள்ளி, பல வருஷம் கழித்துச் சொந்தமாகக் கறவை மாடுகள் வைத்தார். பாலிலும் பேச்சிலும் தண்ணீர் கலக்கமாட்டார். பாலுக்காக வந்தவர்களில் சிலர் அந்தப் பேச்சால் வராமல் நின்றுபோனதும் உண்டு.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் வந்தது. நோய் கண்ட கொட்டகையில் எல்லா மாடுகளையும் கொன்று புதைக்கவேண்டும், வைக்கோல் முதல் கயிறு வரை எரிக்கவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அதற்குத் தலைக்கு இவ்வளவென்று நஷ்டஈடு உண்டு. பாதி உடனே கிடைக்கும். மீதி, கொட்டகை சுத்தம் என்று மாட்டு டாக்டர் துரை பார்த்துச் சொன்ன பிறகு.

அப்பா எல்லா மாடுகளையும் தாமே குழிவரை ஓட்டிப்போய் விட்டார். கடைசியாகப் போனது செவலைப் பசு. அதன் கயிற்றை மட்டும் அவிழ்த்து வந்து கூரையில் செருகினார். மாட்டைக் கொடுக்கிறவர் கயிற்றைக் கொடுப்பதில்லை, கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது நம்மவர் வழக்கம்.

"ஏங்க, அதையும் எரிக்கணும்னுதானே சொன்னாங்க?" என்றார் அம்மா.

"மாட்டைக் கொடுத்தாச்சு. கயித்தையும் கொடுத்துட்டா அப்புறம் கொட்டகையில என்ன நிக்கும்?"

கைக்கு வந்த பாதிப் பணத்தில், சில மாதம் கழித்துப் பக்கத்துக் கொட்டகை மரைக்காயர் மாமாவிடம் ஒரு கறுப்புப் பசு வாங்கினார். மாமாவும் வழக்கப்படி கயிற்றை வைத்துக்கொண்டார். அப்பா கூரையிலிருந்து பழைய கயிற்றை எடுத்துக் கட்டினார். அந்தப் பசு சீக்கிரமே நோய் கண்டு விழுந்தது. கயிற்றால் வந்ததா, காற்றில் வந்ததா, யாருக்குத் தெரியும்? கயிற்றால்தான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

துரை வந்தார். கயிற்றில் ஒட்டியிருந்த செவலை மயிரைப் பார்த்துவிட்டார். கணக்கெழுதக் கூட வந்த தமிழ்க் கிராணி இரக்கப்பட்டு மெதுவாகச் சொன்னார்:

"இது மாட்டை வித்தவரோட கயிறுன்னு சொல்லிடுங்க. மீதிப் பணம் வந்துடும்."

வேலிக்கு அப்பால் மரைக்காயர் மாமா நின்றுகொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் அவருடைய மாடுகள் அத்தனையும் குழிக்குப் போகும்.

"இது என் செவலையோட கயிறு. நான்தான் எடுத்து வெச்சேன்," என்றார் அப்பா.

மீதிப் பணம் வரவில்லை. கயிற்றைக் கிராணி அங்கேயே எரித்தார். அப்பா கப்பல்துறையில் மூட்டை தூக்கப் போனார். என் படிப்பு நின்றது. கயிற்றை ஒளித்ததற்காக அப்பா மேல் எனக்குக் கோபம். உண்மையைச் சொன்னதற்காக அதைவிடக் கோபம். அது முழுதும் தீர்ந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

மறுவருஷம் மாமா ஒரு சினைப்பசுவை ஓட்டிவந்து எங்கள் வாசலில் நின்றார்.

"மச்சான், கயித்தோடதான் தர்றேன். பிடி."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பசுவை வாங்கிக்கொண்டார். பால் கறந்தார், கழுவினார், புல் அறுத்துப் போட்டார். ஆனால் அன்றுமுதல் சாகும்வரை எந்த மாட்டையும் தம் கையால் கட்டவில்லை. அந்தி சாய்ந்தால் அம்மாதான் கட்டுவார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

கடைசி நாட்களில் காய்ச்சல் மூளைக்கு ஏறியபோது, "கயித்தை எரிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரித்தாயிற்று என்று நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவர் நம்பவே இல்லை. அந்தக் கேள்வியோடுதான் போனார்.

நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா துக்கம் காத்து உள்ளே இருந்த பதினாறு நாளும், தள்ளாத வயதில் தடியூன்றி வந்து, எங்கள் மாடுகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டுப் போனவர் மரைக்காயர் மாமா. நன்றி என்றால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் அப்பா சொல்லாமல் போன அந்த நன்றியை நான் சொல்லிவிட்டேன்.

— மகள்